"கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொன்னவன் நான்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் இங்கே எழுந்து நின்றால் பராமரிப்புக் கட்டண பாக்கி, தண்ணீர் லாரிக் கணக்கு, ஜெனரேட்டர் டீசல் என்றுதான் பேசுவேன். மூன்று வருஷம் பொருளாளராக இருந்த பழக்கம். இந்த முறை செயலாளர் சார், "குழந்தைகள் சம்பந்தமா யாராவது பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்று கேட்டபோது நானே கையைத் தூக்கினேன். பி.காம். படித்துவிட்டு 36 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவனுக்குக் குழந்தை மருத்துவம் என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு வருஷமாக ஒரு குழந்தையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தெரபிக்குப் போய் வருகிறேன். அந்த அனுபவத்தைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பேரனை உங்களில் பலருக்குத் தெரியும். இருந்தாலும் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தப் பேச்சு நம் இணைய இதழில் வரும் என்கிறார்கள். பத்து வருஷம் கழித்து அவனே படிக்கக்கூடும். மகனையும் மருமகளையும் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். மருமகள் ஒரு நிபந்தனை போட்டாள்: "நீங்க சொன்னதையும் மறைக்காம சொல்லணும் மாமா." அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேரன் 17 மாதத்தில்தான் தனியாக நடந்தான். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளை வைத்து ஒரு கணக்கு எடுத்திருக்கிறது. அதன்படி 100 குழந்தைகளில் 99 பேர் பதினேழரை மாதத்துக்குள் நடந்துவிடுகிறார்கள். அதாவது இவன் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. நடந்துவிட்டான் என்று பாயசம் வைத்துச் சாப்பிட்டோம்.

இரண்டு வயது ஆனபோது அவனிடம் இருந்தது ஐந்தாறு சொற்கள். அம்மா, தா, டாட்டா, காக்காவுக்கு "கா", இப்படி. நாம் சொல்வது புரியும். செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருவான். பார்த்துச் சிரிப்பான், கையைக் காட்டிக் கேட்பான். பேச்சு மட்டும் வரவில்லை. மாடிப்படியில் ஏறுவதற்கு நம் கை வேண்டும். அடிக்கடி தொபுக்கென்று விழுவான். மருமகள் அப்போதே சொன்னாள்: "மாமா, ஒரு டாக்டரைப் பார்த்துடலாம்."

நான் சொன்ன பதில்: "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசுவான். உன் புருஷனே மூணு வயசுலதான் பேசினான். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்."

என் மனைவி வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினாள். சம்பந்தி அம்மா கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டிக்கொண்டார். தடுப்பூசிக்குப் போனபோது அங்கிருந்த டாக்டரும் "மூணு வயசு வரைக்கும் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டில் மூத்தவன் சொல், வெளியில் டாக்டர் சொல். மருமகள் சொல் எடுபடவில்லை. வேலைக்குப் போகிறவள், அதனால் வீணாகப் பயப்படுகிறாள் என்று கூட நாங்கள் பேசிக்கொண்டோம்.

இப்படி எட்டு மாதம் போனது.

ஒரு நாள் இரவு அவள் மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு முறை அவன் புதுச் சொல் சொன்ன அன்றும் அந்தத் தேதிக் கட்டத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். எட்டு மாதப் பக்கங்களைப் புரட்டினேன். மொத்தம் ஐந்து சொற்கள். நான்கு பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

வங்கியில் இருந்தவர்களுக்குச் சஸ்பென்ஸ் கணக்கு என்றால் தெரியும். எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று புரியாத தொகையை அன்றைக்கு அதில் போட்டு வைப்போம். பிறகு பார்க்கலாம் என்று. அது வளர்ந்துகொண்டே போகும். ஆடிட்டர் வந்து கேட்கும்போதுதான் முழிப்போம். நான் என் பேரனை எட்டு மாதம் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைத்திருந்தேன். வாழ்நாள் முழுவதும் எழுத்தில் இருப்பதை மட்டும் நம்பிய மனுஷன், வீட்டில் ஒருத்தி எழுதி வைத்திருந்ததைக் கேட்டுப் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரமே கிளம்பினோம். முதலில் எங்கே போவது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கும். பேச்சு வரவில்லை என்றால் முதல் வேலை காது. குழந்தை சத்தம் கேட்டுத் திரும்புகிறான், டிவி பாட்டுக்கு ஆடுகிறான், அதனால் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று நாமே தீர்ப்பு எழுதக் கூடாது. லேசான கேட்புக் குறை இருந்தால் சத்தம் கேட்கும், ஆனால் சொல் தெளிவாகக் கேட்காது. பெரா என்று ஒரு பரிசோதனை. தலையில் சின்னச் சின்ன ஒட்டுகளை ஒட்டி, காதில் ஒலியைக் கொடுத்து, மூளைக்குப் போகும் வழியில் அது பதிவாகிறதா என்று கணினியில் பார்க்கிறார்கள். வலி கிடையாது. குழந்தை தூங்க வேண்டும், அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" எங்களை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. காலையில் சீக்கிரம் எழுப்பி, ஆட்டோவில் தூங்கவிடாமல் நான் தாளம் போட்டுப் பாடிக்கொண்டே போய், அங்கே போனதும் அவன் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்தான். தூங்கியது நான். மூன்றாவது முறை நடந்தது. காது சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு குழந்தை வளர்ச்சி நிபுணர். சாதாரணக் குழந்தை மருத்துவர் வேறு, இவர்கள் வேறு. இரண்டு மணி நேரம் போல அந்த அம்மா அவனோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார். கட்டைகளை அடுக்கச் சொன்னார், பொம்மைக்குச் சாதம் ஊட்டச் சொன்னார், பந்தை உதைக்கச் சொன்னார். அவன் உட்காரும் விதத்தைக் கவனித்தார். இரண்டு கால்களையும் பின்பக்கம் மடித்து, மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'டபிள்யூ' எழுத்து மாதிரி உட்காருவான். இவ்வளவு நாளாக அதை அழகு என்று போட்டோ எடுத்திருக்கிறோம். பல குழந்தைகள் அப்படி உட்காருவதுண்டு, அது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, இவனுக்கு உடம்பைத் தாங்கும் தசைகளில் கொஞ்சம் தொய்வும் இருக்கிறது என்றார். அறிக்கையில், வயது 2 வருஷம் 8 மாதம், பேச்சு ஒன்றரை வயதுக் குழந்தையின் அளவு, நடை ஓட்டம் இரண்டு வயதின் அளவு என்று வந்தது. ஆட்டிசம் இல்லை என்றார். அப்படி வந்திருந்தாலும் இதே ஆட்டோவில் இதே வழியில்தான் போயிருப்போம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் அந்தச் சொல்லைக் கேட்டுக் கால் தளர வேண்டாம்.

அறிக்கையின் கடைசியில் "லேசான வளர்ச்சித் தாமதம்" என்று இருந்தது. அந்த "லேசான" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் மறுபடியும் ஆரம்பித்தேன். லேசானதுதானே, தானாகச் சரியாகிவிடுமா டாக்டர் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சார், நிறையத் தாமதம் இருந்தா யாரும் காத்திருக்க மாட்டாங்க, ஓடி வந்துடுவாங்க. லேசா இருக்கிற குழந்தைங்களைத்தான் எல்லாரும் காத்திருக்க வைக்கிறாங்க" என்றார். சில குழந்தைகள் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுவார்கள் என்பதும் உண்மையாம். ஆனால் யார் பிடிப்பார்கள், யார் பின்தங்குவார்கள் என்று இரண்டு வயதில் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. தெரபி தேவைப்படாத குழந்தைக்குத் தெரபி கொடுத்தால் நஷ்டம் சில ஆயிரம் ரூபாய். தேவைப்படும் குழந்தைக்குக் கொடுக்காமல் விட்டால் மூளை வேகமாகக் கற்றுக்கொள்ளும் வயது கையைவிட்டுப் போய்விடும். வரவு செலவு தெரிந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இங்கே இளம் பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சில விஷயங்களுக்குப் பொறுத்துப் பார்ப்பது என்பதே கிடையாது. 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை, 16 மாதம் ஆகியும் ஒரு சொல் கூட வரவில்லை, இரண்டு வயதாகியும் "தண்ணி தா" என்று இரண்டு சொல் சேர்க்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, கையால் சுட்டிக் காட்டவில்லை என்றால் போய்ப் பார்த்துவிடுங்கள். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை விட்டுவிட்டால், எந்த வயதானாலும் அதே வாரம் போக வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால், இரண்டு வயது வரை, முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துக்கொண்டு கணக்குப் பார்க்க வேண்டும். அதைத் தெரியாமலும் சிலர் பயப்படுகிறார்கள்.

நம் மாதிரி அடுக்ககங்களில் இன்னொரு விஷயம் நடக்கிறது. 2013இல் மத்திய அரசு ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிறந்தது முதல் 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதிக்கும் திட்டம். மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை போக வேண்டும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறை. வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பட்டியலில் உண்டு. நம் எதிர்த் தெரு அங்கன்வாடிக்கு அந்தக் குழு வரும். நம் காம்பவுண்டுக்குள் வராது. நம் பிள்ளைகள் அங்கன்வாடிக்குப் போவதில்லை, பிளே ஸ்கூலுக்குப் போகிறார்கள். கேட் போட்டு, கேமரா வைத்து, செக்யூரிட்டி நிறுத்தி வைத்திருக்கிறோம். நம் குழந்தையைத் தேடி வந்து பார்க்க ஆள் இல்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே திட்டத்தில் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் வைத்திருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி எல்லாம் கட்டணமில்லாமல் கிடைக்கும். குழந்தைகள் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டு விசாரித்தால் வழி சொல்வார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று 2005 முதல் இருக்கிறது. என்.ஐ.இ.பி.எம்.டி. என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கேயும் சிறு குழந்தைகளுக்குப் பயிற்சிப் பிரிவு உண்டு. கௌரவம் பார்க்காமல் போகலாம்.

நாங்கள் தூரத்தை நினைத்துத் தனியாரிடம் போனோம். முதலில் போன இடத்தில், பெயர் வேண்டாம், குழந்தையைப் பத்து நிமிஷம் கூடப் பார்க்கவில்லை. 36 அமர்வு, 25,000 ரூபாய், முன்பணம், திருப்பித் தரப்படாது என்று ஒரு தாளை நீட்டினார்கள். உள்ளே கூட வரக் கூடாது, கண்ணாடி வழியாகவும் பார்க்கக் கூடாதாம். முன்பணம் கேட்டதை விட அதுதான் எனக்கு உறுத்தியது. வெளியே வந்துவிட்டோம். இரண்டாவது இடத்தில் அமர்வுக்கு 700 ரூபாய், அன்றன்றைக்குக் கொடுத்தால் போதும், வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் உள்ளே உட்கார வேண்டும் என்றார்கள். அங்கேயே சேர்த்தோம். வாரத்துக்கு இரண்டு பேச்சுப் பயிற்சி, ஒரு ஆக்குபேஷனல் தெரபி. மாதம் 8,400 ரூபாய், ஆட்டோ தனி.

பேச்சுப் பயிற்சி தருபவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள், உண்மையான ஆள் உடனே சொல்வார். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு அந்தக் கவுன்சிலில் பதிவு கிடையாது, அவர்கள் படிப்பு பி.ஓ.டி. அந்தப் பட்டத்தைக் கேட்கலாம். வருமான வரியில் ஏதாவது கழிவு உண்டா என்று என்னிடம் ஏற்கனவே ஒருவர் கேட்டார். உண்டு, ஆனால் பழைய வரி முறையில், 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் இருந்தால்தான். லேசான தாமதத்துக்கு அந்தச் சான்றிதழ் பொதுவாக வராது. வராததற்குச் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே என்னதான் செய்கிறார்கள்? முதல் நாள் நான் எதிர்பார்த்தது, நாக்கைப் பிடித்து ஏதோ பயிற்சி, அ ஆ சொல்லச் சொல்வது. அந்தப் பெண் ஒரு சோப்புக் குமிழி டப்பாவை எடுத்தாள். ஒரு முறை ஊதினாள். அவன் குதித்தான். மூடியை மூடிக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் நாற்காலியில் நெளிந்தேன், "ஊதும்மா, குழந்தை கேக்குறான் இல்ல" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அவன் "ஊ" என்றான். அவள் உடனே ஊதினாள்.

எங்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அப்போது புரிந்தது. அவன் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் திரும்பினாலே பாட்டி தண்ணீரோடு நிற்பாள். அவன் கையை நீட்டுவதற்குள் நான் பொம்மையை எடுத்துக் கொடுத்துவிடுவேன். யாராவது "உன் பேரென்ன கண்ணா" என்று கேட்டால் அவனுக்குப் பதில் நான் சொல்வேன். அதனால்தான் அவனுக்குப் பேச்சு வரவில்லை என்று அர்த்தமில்லை, இதை அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். வீட்டார் வளர்ப்பில் குற்றமில்லை, அம்மா வேலைக்குப் போவது காரணமில்லை. ஆனால் பேச வேண்டிய தேவையே இல்லாத ஒரு வீட்டை நாங்கள் பாசத்தால் கட்டி வைத்திருந்தோம்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழந்தை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருக்கிறான். வாரத்துக்கு 84 மணி. தெரபிஸ்டிடம் இருப்பது முக்கால் மணி வீதம் மூன்று முறை, இரண்டே கால் மணி நேரம். மீதி எங்கள் பொறுப்பு. இதைக் கண்டுகொண்ட பிறகு நான் செய்தது நோட்டு போட்டதுதான். பாலா தண்ணியா என்று இரண்டைக் காட்டிக் கேட்டு நிறுத்துவது. அவன் "கார்" என்றால் நாம் "சிவப்புக் கார்" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்வது. "சொல்லு, சொல்லு" என்று நச்சரிக்காமல் இருப்பது. இது எனக்குக் கஷ்டமாக இருந்தது. சப்பாத்தி மாவை அவனையே பிசையவிடுவது, துணி காயப்போடும் கிளிப்பை அழுத்தவிடுவது, இரண்டு காலையும் நான் பிடித்துக்கொள்ள அவன் கையால் நடப்பது. லிஃப்டை விட்டுவிட்டு இரண்டு மாடி படியேறுவது. நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், என் முழங்காலுக்கும் அது தெரபியாகிவிட்டது.

போன் விஷயம். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதன் பிறகு ஐந்து வயது வரை ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளையில் போனை நிறுத்தினோம். பத்து நாள் போர்க்களம். பிறகு பழகிவிட்டது. பிளே ஸ்கூலில் "வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, தமிழ் கலந்தா குழப்பம்" என்றார்கள். தெரபிஸ்ட் சிரித்தாள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகாது, உங்களுக்கு எது சரளமாக வருமோ அதில் பேசுங்கள் என்றாள். அந்தப் பிளே ஸ்கூலை மாற்றிவிட்டோம்.

இனி நம் குடியிருப்பு பற்றி. இதைச் சொல்லத்தான் கொஞ்சம் தயங்கினேன். ஒரு நாள் சாயங்காலம் விளையாட்டு இடத்தில் மருமகளிடம் ஒரு அம்மா, "இன்னும் பேசலையா? என் பொண்ணு இந்த வயசுல ரைம்ஸ் எல்லாம் சொல்லுவா. போனைக் கொடுத்தே வளர்க்கறீங்க போல" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மருமகள் மூன்று வாரம் குழந்தையைக் கீழே இறக்கவில்லை. மற்றக் குழந்தைகளோடு ஓடி விழுந்து எழுவதுதான் அவனுக்கு வேண்டிய மருந்து. மூன்று வாரம் அது இல்லாமல் போனது. அந்த அம்மா இந்தக் கூட்டத்தில் இருந்தால் வருத்தப்பட வேண்டாம். அதையே நானும் என் வீட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

கேட் பக்கத்தில் இஸ்திரி போடுகிற அண்ணனிடம் நான் ஒரு முறை மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து பேரன் துணி மூட்டையோடு போனால் வாங்க மாட்டார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, "என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பின்னால் ஆள் நின்றாலும் காத்திருப்பார். "சட்ட" என்ற சொல் எங்கள் வீட்டில் வரவில்லை, அவர் வண்டியடியில்தான் வந்தது. மருமகள் காலண்டரில் அதை எழுதி, பக்கத்தில் "இஸ்திரி அண்ணா" என்று போட்டிருக்கிறாள். நீங்களும் லிஃப்டில் இவனைப் பார்த்து ஏதாவது கேட்டால், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. என்னைப் பார்த்துக் கேட்காமல் அவனைப் பார்த்துக் கேளுங்கள்.

இப்போது அவனுக்கு 4 வருஷம் 8 மாதம். எல்.கே.ஜி. போகிறான். முழு வாக்கியம் பேசுகிறான், சில நேரம் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ர' இன்னும் வரவில்லை, ரயிலை "லயில்" என்கிறான். ஓடும்போது மற்றக் குழந்தைகளை விடப் பின்தான். மூன்று சக்கர சைக்கிளை மிதிக்கப் போன தீபாவளிக்குத்தான் கற்றுக்கொண்டான். பேச்சுப் பயிற்சி பதினைந்து நாளுக்கு ஒரு முறையாகக் குறைந்திருக்கிறது, ஆக்குபேஷனல் தெரபி இன்னும் வாரா வாரம் நடக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அந்த எட்டு மாதத்தை நான் எடுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்று இரவில் சில நேரம் கணக்குப் போடுவேன். மருமகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த மேடையில் சொல்லச் சொன்னதோடு சரி.

நம் குடியிருப்பில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் இதே கவலை இருப்பது எனக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம். புதன்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை பி பிளாக் வேப்பமரத்தடி பெஞ்சில் இருப்பேன். ஃபைல் கையில் இருக்கும். எந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு கேட்டார்கள், எந்த நாளில் கூட்டம் குறைவு, எல்லாம் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். கூட வர ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், காலை வேளையில் நான் சும்மாதான் இருக்கிறேன், ஆட்டோவில் வருகிறேன். பெராவுக்குப் போகிறவர்கள் மட்டும் என்னைத் தாலாட்டச் சொல்ல வேண்டாம்.